மார்த்தாவின் முறை

மகனே,

முதலில் ஒரு சிறு மன்னிப்பு. உனக்கு இன்று நான்கு மாதம். கழுத்து நிற்கத் தொடங்கி இரண்டு கிழமைதான் ஆகிறது. வாசிக்கத் தெரியாத ஒருவனுக்குக் கடிதம் எழுதுவது நியாயமில்லை. அதுவும் அவனுக்கு முன்பே மற்றவர்கள் அதை வாசிக்கப்போகிறார்கள் என்றால் இன்னும் நியாயமில்லை. நான் சிறுவயதில் சனிக்கிழமைகளில் தமிழ் படித்த பாடசாலையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பட்டம் பெற்ற பழைய மாணவி என்பதால் பிள்ளைகளுக்கு அறிவுரையாக ஏதாவது வரும் என்று நினைத்திருப்பார்கள். கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. ஒரு ஆளுக்கு என்றால் முயன்று பார்க்கலாம். அந்த ஒரு ஆள் நீ. உனக்குப் பதினெட்டு வயதாகும்போது இந்த மலரை எடுத்துத் தருவேன். அதுவரை மற்றவர்கள் உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். புவியியல் படித்தேன். ஏன் புவியியல் என்று கேட்டவர்களுக்கு நான் உண்மையான பதிலைச் சொன்னதில்லை. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவளை யாரும் பேசச் சொல்வதில்லை, அதுதான் காரணம். கடைசி ஆண்டில் ஆய்வேட்டுக்காக இந்து சமுத்திரத்தில் உள்ள ஒரு சிறு தீவுக்குப் போய் இரண்டு மாதம் தங்கினேன். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் யாராவது உடனே பயணம் போகக் கிளம்புவார்கள், அந்தத் தீவு அவ்வளவு பேரைத் தாங்காது. விமானம் கிடையாது. பக்கத்துப் பெரிய தீவிலிருந்து கப்பலில் ஒன்றரை நாள். முன்பு பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் அங்குள்ளவர்கள் முட்டைகளைக் கூடை கூடையாக எடுத்து விற்றுத்தான் வாழ்ந்தார்கள். பறவைகள் குறைந்துபோய், பாதித் தீவைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அரசாங்கம் அறிவித்தபோது, பதினான்கு வீட்டுக்காரர்கள் கூடிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். முட்டையைத் தொடுவதில்லை. ஹோட்டல் கட்ட விடுவதில்லை. பறவைகளையும் பவளப்பாறையையும் பார்க்க வரும் சில பயணிகளைத் தங்கள் வீடுகளிலேயே தங்கவைத்து, தாங்கள் சாப்பிடுவதையே அவர்களுக்கும் கொடுத்து, அந்த வருமானத்தில் வாழ்வது.

எந்த வீட்டில் தங்குவது என்பதை விருந்தாளி அங்கே தீர்மானிப்பதில்லை. கப்பல் வந்து நிற்கும் இடத்தில் ஒரு கடை. அதன் சுவரில் ஒரு பலகை. பதினான்கு வீடுகளின் பெயர்களும் மரத்துண்டுகளில் எழுதி ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டப்பட்டிருக்கும். மேலே இருக்கும் பெயருக்குரிய வீட்டுக்கு அடுத்த விருந்தாளி. ஆள் வந்து சேர்ந்ததும் அந்தத் துண்டைக் கழற்றி அடியில் மாட்டுவார்கள். எல்லா வீடும் ஒன்றுபோல முட்டையைக் கைவிட்டது, ஆகவே எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல விருந்தாளி. இதைவிடச் சிக்கலான எதுவும் அதில் இல்லை. இதை வைத்து நான் நூற்றுப்பத்துப் பக்கம் எழுதினேன்.

நான் இறங்கிய அன்று பலகையின் மேலே இருந்த பெயர் மார்த்தா. நாற்பது வயது இருக்கும். தனியாக வாழ்பவர், அடுத்த வளவில் அவருடைய அண்ணன் குடும்பம். வீடு பின்தெருவில். ஜன்னலைத் திறந்தால் ஆட்டுக்கொட்டில். கடல் கேட்கும், தெரியாது. அவர் என்னைவிடக் கூச்சக்காரர். முதல் மூன்று நாளும் இருவரும் ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள் "உப்பு கூடவா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அடுத்த நாள் உப்பைக் குறைத்திருந்தார். நான் எத்தனை தரம் தண்ணீர் குடித்தேன் என்பதை அவர் பார்த்திருந்தார். வீடு வீடாகப் போய்க் கேள்விகள் கேட்க வேண்டிய ஆய்வு அது. முதல் வீட்டு வேலியருகில் போய்விட்டு நான் திரும்பி வந்துவிட்டேன். மார்த்தா செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். பதினான்கு வீட்டுக்கும் வந்தார். பறவைகளின் பக்கத்துக்கும் கூட்டிப்போனார். அங்கே வெள்ளைக் கற்களால் ஒரு கோடு போட்டிருப்பார்கள், கூடு கட்டும் காலத்தில் அதைத் தாண்டக்கூடாது. "அசையாமல் இருந்தால் அவை நம்மை மறந்துவிடும்" என்றார். மற்றவர்கள் என்னை மறந்துபோவது எனக்குப் பழக்கமான விடயம் என்பதால் அது எனக்கு எளிதாக வந்தது. ஒரு தாய்ப்பறவை எங்களிடமிருந்து ஒரு கை தூரத்தில் வந்து உட்கார்ந்து முட்டையைத் திருப்பி வைத்தது. என் பட்டத்தில் பாதி மார்த்தாவுக்குச் சேரும். இதை நான் சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை.

படிப்பு முடிந்ததும் இங்கே பிராங்பேர்ட்டில், இப்படியான இடங்களுக்குப் பயணிகளை அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மூன்றே பேர். அந்தத் தீவுக்கான கையேட்டையும் பதிவுப் படிவத்தையும் எழுதுவது என் பொறுப்பு. அந்த நாட்களில் வேறொரு நாட்டுக்குப் போய்வந்த ஒருவர், அறையிலிருந்து கடல் தெரியவில்லை என்று நான்கு பக்கத்தில் முறைப்பாடு எழுதியிருந்தார். அதை நான் மூன்று தரம் வாசித்தேன். நாங்கள் அனுப்பும் யாரும் இனி அப்படி எழுதிவிடக்கூடாது என்று பயந்தேன். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜேர்மனியில் நடந்த கோடை அது. அலுவலக ஜன்னலுக்குக் கீழே கார்கள் எல்லாம் கொடி கட்டிக்கொண்டு போகும். மேலே இருந்து நான் அந்தப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் வரைந்தேன். 'விரும்பும் வீடு' என்று பெயர் போட்டேன். கையேட்டில் ஒவ்வொரு வீட்டையும் பற்றி ஒரு வரி சேர்த்தேன். முன்தெருவில் இருக்கும் ரோஸ் என்பவரின் வீட்டுக்கு, 'பெரிய விறாந்தை, கடலைப் பார்த்த அறை'. மார்த்தாவின் வீட்டுக்கு, 'எளிய அறை. கடல் தெரியாது. அருகில் ஆட்டுக்கொட்டில்.'

ஒரு சொல்லும் பொய் இல்லை. இரண்டு மாதம் என்னைப் பிள்ளைபோலப் பார்த்த வீட்டைப் பற்றி நான் எழுதிய ஒரே வரி அது. பயந்துபோய் எழுதும்போது உண்மைகூடக் கோணலாகிவிடுகிறது, மகனே. படிவத்தை நிரப்பியவர்கள் ஒருவர் தவறாமல் ரோஸின் வீட்டைத் தெரிவு செய்தார்கள். பதிவுகள் கூடின. மேலாளர் என்னைப் பாராட்டினார். எனக்கும் சந்தோசம். தீவிலிருந்து எந்த முறைப்பாடும் வரவில்லை, ஆகவே அங்கும் எல்லோருக்கும் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டேன். வாய் திறக்காதவர்கள் எல்லாம் சம்மதித்தவர்கள் இல்லை. வாழ்நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்த எனக்கே அது தோன்றவில்லை.

அடுத்த வசந்தத்தில் பெர்லினில் நடந்த சுற்றுலாக் கண்காட்சிக்குத் தீவு மக்களின் சார்பில் ரோஸ் வந்தார்; எங்கள் நிறுவனத்துக்காக நானும் அங்கே நின்றேன். பெரிய குரல், பெரிய சிரிப்பு. கண்காட்சி முடிந்து பிராங்பேர்ட்டிலிருந்து விமானம் ஏற மூன்று நாள் இருந்ததால் எங்கள் வீட்டில் தங்கினார். உன் அப்பா விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை செய்பவர்; விருந்தாளிக்காக லீவு எடுத்துக்கொண்டு குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றார். ரோஸ் பனிச்சேறு படிந்த சப்பாத்தைக் கழற்றியபடி, "இந்தக் கட்டிடத்தில் உங்கள் ஆட்கள் எத்தனை வீடு? இன்று உங்கள் முறையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஓம் ஓம், எங்கட முறைதான் எண்டு சொல்லும்," என்றார் உன் அப்பா. "வேற ஆரும் கூட்டிக்கொண்டு போக வந்தா நான் சண்டைக்குப் போவன்."

ரோஸுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் 'ரோஸ் அக்கா' என்று கூப்பிட, அதை ஏதோ பட்டம் என்று நினைத்து, "இனி என்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும்" என்று எனக்கும் உத்தரவு போட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புட்டும் மீன்குழம்பும் சாப்பிடும்போது, அதென்ன முறை என்று உன் அப்பா கேட்டார். நான் பலகையைப் பற்றி விளக்கினேன்.

"இஞ்சேரும், இது எங்கட கோயில் உபயம் மாதிரியெல்லோ!" என்றார். இங்கே தொழிற்சாலைகளுக்கு நடுவில், வாடகை மண்டபத்தில் இருக்கும் சின்னக் கோயிலில் அவர் தொண்டர். திருவிழா நாட்களைக் குடும்பங்களுக்குப் பிரித்து எழுதுவது அவர்தான். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசையும் அன்னதானமும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு, பெருமையும் அவர்களுக்கே. "அப்ப இப்ப ஆரின்ர முறை எண்டு ரோஸ் அக்காவைக் கேளும்."

கேட்டேன். ரோஸின் கை தட்டிலேயே நின்றது.

"மார்த்தாவின் முறை," என்றார்.

"மார்த்தா வீட்டில் இப்போது யார் தங்கியிருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை. போன வருடம் முட்டைக்காலம் முடிந்ததிலிருந்து மார்த்தாவின் முறைதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். விருந்தாளிகள் அவருடைய பெயர் எழுதிய காகிதத்தோடு இறங்குகிறார்கள். வந்த ஆளைக் கரையில் வைத்து மறுக்க முடியாது. அவர்கள் ரோஸின் வீட்டுக்குப் போக, பலகையில் மார்த்தாவின் பெயர் மேலே அப்படியே நிற்கிறது. முதலில் பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள். பிறகு பெரியவர்கள், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று பேசத் தொடங்கினார்கள். மார்த்தா கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அந்தச் சுவரைப் பார்க்க வேண்டி வரும் என்று உப்பு வாங்கக்கூட அண்ணியை அனுப்புகிறார். அவருக்குக் கீழே எல்லா வீடுகளும் காத்துக்கொண்டிருக்கின்றன; பின்தெருவின் மற்ற மூன்று வீடுகளுக்கும் பொறுமை போய்விட்டது. "மார்த்தாவின் அண்ணன் கூட்டத்தில் எழும்பிக் கேட்டான், வராத விருந்தாளிக்காக நாங்கள் ஏன் முட்டையைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று. அடுத்த கூடு கட்டும் காலம் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறோம். நாலு வீடு கூடையைத் தூக்கினால் பதினாலும் தூக்கும், பெண்ணே. என் வீட்டில் படுக்க இடமில்லை. மார்த்தாவுக்கு வணக்கம் சொன்னால் பதில் இல்லை. எனக்குக் களைத்துவிட்டது."

"பெர்லினில் ஏன் சொல்லவில்லை?"

"நீ அவ்வளவு சந்தோசமாகக் கையேட்டைக் கொடுத்துக்கொண்டு நின்றாயே."

உன் அப்பாவுக்கு நான் இதைத் தமிழில் சொன்னபோது படிவத்தைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டேன். அவர் விடவில்லை.

"ரோஸ் அக்காவின்ர பேரைக் காகிதத்தில எழுதிக்கொண்டு வாற பழக்கம் எங்காலை வந்தது?"

"படிவத்திலை கேட்டிருக்கு."

"படிவம் ஆர் எழுதினது?"

"நான்தான்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "எங்கட அஞ்சாம் திருவிழாக்காரரிட்டப் போய், சனத்துக்கு ஆறாம் திருவிழாக்காரரின்ர சாப்பாடுதான் பிடிக்குதாம், நீங்கள் கொஞ்சம் விலகுங்கோ எண்டு நான் சொன்னா என்ன நடக்கும்? என்ர வேட்டியை உரிஞ்சுபோடுவினம்." ரோஸ் என்னவென்று கேட்க, நான் மொழிபெயர்க்க, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதன் பிறகு உன் அப்பா மெதுவாக, "நீர் அவவின்ர வீட்டில ரண்டு மாசம் சாப்பிட்டனீர் எல்லோ?" என்று மட்டும் கேட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். நூற்றுப்பத்துப் பக்கம் எழுதியவள் காணாததை ஒரு கிண்ணம் மீன்குழம்பு முடிவதற்குள் கண்டுகொண்ட மனிதர் உன் தகப்பன். அந்த நன்றியை அவரிடம் நேரே சொன்னால் பகிடி விடுவார், ஆகவே உன்னிடம் சொல்லிவைக்கிறேன்.

புதிய கையேடு அந்தக் கிழமை அச்சுக்குப் போக இருந்தது, அதே கட்டத்தோடு. மேலாளர் ஃபிராவ் லிண்ட்னரிடம், நேரில் பேச ஒரு டெர்மின் கேட்டு வாங்கினேன். முதலில் வீட்டில் பேசிப் பழக வேண்டும் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பா என் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு குசினி மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குட்டன் டாக். நான் ஃபிராவ் லிண்ட்னர். எனக்கு ஐஞ்சு நிமிசம்தான் இருக்கு."

"இஞ்சருங்கோ, பகிடி விடாதேங்கோ."

"ஃபிராவ் லிண்ட்னருக்குப் பகிடி தெரியாது. விசயத்தைச் சொல்லும்."

மூன்றாம் தரம்தான் சிரிக்காமலும் அழாமலும் கடைசி வரி வரைக்கும் போனேன். அடுத்த நாள் உண்மையான ஃபிராவ் லிண்ட்னர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்கே தங்குவது என்று தெரிவு செய்வது வாடிக்கையாளரின் உரிமை இல்லையா?" என்றார். நியாயமான கேள்வி. ஒத்திகையில் இல்லாத கேள்வி. "இங்கே உரிமை," என்றேன். "அங்கே அந்த வரிசையை நம்பித்தான் பதினான்கு வீடும் முட்டையை விட்டது. நாங்கள் அனுப்பும் ஆட்கள் பறவையைப் பார்க்கப் போகிறார்கள். அந்தக் கட்டம் இருந்தால் பார்க்கப் பறவை இருக்காது. அதை வரைந்தது நான். பிழை என்னுடையது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் இங்கு வந்த நாளிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தரம்," என்றார். கட்டத்தை எடுக்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ஏற்கனவே ரோஸின் வீட்டைக் கேட்டுப் பதிவு செய்த பதினேழு பேரையும் நானே தொலைபேசியில் அழைத்து விளக்க வேண்டும்.

தொலைபேசி மணி அடித்தாலே அடுத்த அறைக்குப் போய்விடும் ஆள் நான். பதினேழு பேருக்கும் எடுத்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்து வாசித்தேன். ஐந்து பேர் பயணத்தை ரத்துச் செய்தார்கள். ஒருவர் இது சோசலிசமா என்று கேட்டார். ஒரு அம்மா தன் கணவரின் முதுகுவலியைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, சரி, எந்த வீடானாலும் பரவாயில்லை என்றார். காஸலில் இருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, "அப்படியானால் இப்போது யாருடைய முறை?" என்றார். சொன்னேன். "ஆடு என்றால் எனக்கு ஒன்றுமில்லை. நாய்தான் ஆகாது," என்றார். முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அவர்தான் அந்தப் பருவத்தின் முதல் ஆளாக இறங்கினார். ரோஸ் தொலைநகலில் எழுதியிருந்தார்: பலகையிலிருந்து துண்டைக் கழற்ற மார்த்தாவே கடைக்கு வந்தாராம், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கழற்றி அடியில் மாட்டிவிட்டு, தபால்காரரின் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாராம். அண்ணன் கூடையைத் திரும்பவும் பரணில் போட்டுவிட்டான். இந்த வருடத்துக்கு மட்டும், என்று எழுதியிருந்தார். அடுத்த வருடமும் கூடி, அடுத்த வருடத்துக்கு என்று முடிவெடுப்பார்கள். அப்படி ஒவ்வொரு வருடமாகத்தான் அந்தத் தீவு நிற்கிறது. அடியில் 'ரோஸ் அக்கா' என்று கையெழுத்து. அதற்கும் அடியில் இன்னும் இரண்டு வரிகள். நான் மார்த்தாவுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி ரோஸிடம் கொடுத்துவிட்டிருந்தேன். மார்த்தா அதைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அங்கே மன்னிப்பை இன்னொருவர் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கம் இல்லை. பிழை செய்தவர் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். "என் வீட்டுக்கு வழி அவளுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாராம்.

அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான் போகவில்லை. போயிருக்கலாம். முதலில் அலுவலகத்தில் வேலை அதிகம் என்றேன். பிறகு அங்கே மழைக்காலம் என்றேன். பிறகு நீ வயிற்றில் வந்தாய், கப்பல் கூடாது என்று வைத்தியரே சொன்னார். அந்த நிமிடம் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதை நான் கவனித்தேன். உன்னைப் பற்றிய என் முதல் சந்தோசத்தில் ஒரு துளி அதுவும் கலந்திருந்தது. அதற்காக உன்னிடம் வெட்கப்படுகிறேன். ஒரு தீவு என்னைப் பொறுத்துக்கொண்டது, ஒரு மேலாளர் நம்பினார், முகம் தெரியாதவர்கள் இரங்கினார்கள், உன் அப்பா சால்வை கட்டிக்கொண்டு நடித்தார். இத்தனை பேரிடமிருந்து வாங்கிய பிறகும், நேரே போய்ச் செய்யவேண்டிய ஒன்றே ஒன்றை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். அடுத்த வருடம் நீ நடக்கத் தொடங்கியதும் போவோம் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆகவே கடைசியாக ஒன்றைக் கேட்கிறேன். இதை வாசித்து முடித்ததும் என்னிடம் வந்து, "அம்மா, மார்த்தாவிடம் போனீங்களோ?" என்று கேள். போயிருந்தால் அன்று என்ன சமைத்தார் என்பதிலிருந்து எல்லாம் சொல்வேன். போகவில்லை என்றால் உன் படிப்பு, கப்பல் நேரம், என் முழங்கால் என்று தொடங்குவேன். கேட்டுக்கொண்டு நிற்காதே. என்னைக் கூட்டிக்கொண்டு போ. மார்த்தாவின் மேசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார். ஒன்றை மட்டும் செய்யாதே. ஒன்பது வயதிலிருந்து இந்த நாட்டு அலுவலகங்களில் என் அம்மாவுக்காகவும் அப்பாவுக்காகவும் நான்தான் பேசினேன். அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருப்பார்கள். நீ எனக்கு அப்படி ஆகிவிடக்கூடாது. நான் அங்கே திணறுவேன். முதல் சொல் வர நேரமாகும். உனக்கு என்னைவிட நன்றாகப் பேச வரும், வாய் துடிக்கும். எனக்காகப் பேசிவிடாதே. நீ சாப்பிட்டுக்கொண்டிரு.

அம்மா